இரண்டு மணி நோவு

தலையிடி என்ற சொல்லின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. வெயிலில் அலைந்தால் வருவதற்கும், பிந்திச் சாப்பிட்டால் வருவதற்கும், எனக்கு வருவதற்கும் ஒரே பெயர்தான். ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை பார்க்கும் கந்தோரில் தலையிடி என்று எழுதி அரைநாள் லீவு கேட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கடிதத்தை வாசித்து முடிக்க முன்னரே தன்னுடைய தலையிடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுவார். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். இஞ்சியோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

எனக்கு வருவது புரட்டாதியை ஒட்டி வரும். மற்றப் பத்து மாதமும் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். கச்சான் காற்று ஓயத் தொடங்கும் நாட்களில், ஒரு மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு, வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். பத்து நிமிடத்தில் அந்த விரல் பழுக்கக் காய்ச்சிய கம்பியாகிவிடும். வலது கண் மட்டும் சிவக்கும். வலது கண்ணால் மட்டும் நீர் ஓடும். வலது மூக்கு மட்டும் அடைக்கும். வலது இமை பாதியில் தொங்கிப்போகும். இடது பக்கம் ஒன்றும் தெரியாத அயலவர் மாதிரிச் சும்மா இருக்கும். ஒரு மணித்தியாலம், சில நாள் ஒன்றரை. பிறகு விட்டுவிடும். அடுத்த நாள் சொல்லிவைத்தாற்போல இரண்டு மணிக்குத் திரும்ப வரும். இப்படி ஆறேழு வாரம் ஆட்டிப் படைத்துவிட்டு, ஒரு நாள் வராமல் விட்டுவிடும்.

மற்றவர்களுக்குத் தலையிடித்தால் அறையை இருட்டாக்கிக்கொண்டு படுப்பார்கள். எனக்குப் படுத்தால் கூடும். நடக்க வேண்டும். குசினியிலிருந்து முன்கதவு வரை, முன்கதவிலிருந்து குசினி வரை. நடந்து களைத்தால் கதிரையில் இருந்து முன்னும் பின்னுமாக ஆட வேண்டும். சில நாள் சுவரில் நெற்றியை இடித்திருக்கிறேன். ஒரு மகளைப் பெற்றவள் நான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிள்ளைப்பேற்றையே இன்னொரு முறை கேட்பேன்.

பத்து வருடம் நான் செய்யாத வைத்தியம் இல்லை. இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். பீனிசம் என்று சொல்லி ஆவி பிடித்தேன். மேல்வரிசையில் ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். பல் டொக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் அடம்பிடித்தேன். உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு திருத்தும் பட்டறையில் என் கணவர் வெல்டிங் வேலை செய்கிறார். அவர் தன் பங்குக்கு ஒரு போத்தல் அரிஷ்டம் வாங்கிவந்து, உடம்பு தேறினால் தலையும் தேறும் என்று நாள்தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி ஊற்றித் தந்தார். பார்த்த டொக்டர்மார் எல்லாரும் என்னைக் காலையில்தான் பார்த்தார்கள். காலையில் நான் நல்ல சுகமான மனுசி. நம்பாமல் பார்த்தவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வையை மறக்கவும் இல்லை.

நவராத்திரி வந்தால் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கும்பம் வைப்பார்கள். கிடுகுப் பந்தல் போட்டு, உள்ளே நவதானியம் முளைக்கவைத்து, ஒன்பது நாளும் பூசை நடக்கும். உடுக்குச் சத்தம் ஏறும்போது யாருக்காவது உரு வரும். உரு வந்து ஆடுகிறவர் வாயில் வருவதை அம்மன் சொல்வதாகவே கேட்போம். நானும் கைகட்டி நின்று கேட்டவள்தான். அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அருகே இருந்த பந்தலில், ஒரு சனிக்கிழமை மத்தியானப் பூசை இழுபட்டு இரண்டு மணியாகிவிட்டது. கிளம்ப நினைத்தேன், சனம் விடவில்லை. கண்ணுக்குப் பின்னால் விரல் வைத்தாயிற்று. நடக்க இடமில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றினேன். கொண்டை அவிழ்ந்தது. பந்தல்காலில் தலையை இடித்தேன். ஒரு கண் மட்டும் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. உடுக்கடிப்பவர் என்னைப் பார்த்தார், அடி வேகமானது. யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். முகத்துக்கு நேரே கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு ஒருத்தி தன் மகளின் கலியாணம் எப்போது என்று கேட்டாள். "என்னை விடுங்கோ! எல்லாரும் போங்கோ!" என்று கத்தினேன். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு எங்கள் படலைக்கு வெளியே பதினைந்து பேர் நின்றார்கள். அரசாங்க உத்தியோகத்தரின் அம்மன் அல்லவா, நேரம் தவறாமல் வருவாள் என்று கணவர் என்னைச் சீண்டினார். படலையில் நின்றவர்களுக்கு நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், இது உரு இல்லை, வருத்தம் என்று. "உரு வாறவைக்கு அது தெரியாது அம்மா" என்று ஒரு கிழவர் பணிவாகச் சொன்னார். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. பத்து வருடத்தில் முதல் தடவையாக என் நோவை ஊர் நம்பியது. தலையிடி என்றபோது இஞ்சி சொன்னவர்கள், அம்மன் என்றபோது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நான் நடந்தால் வழிவிட்டார்கள். நான் அழுதால் அவர்களும் அழுதார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் பிடித்திருந்தது.

போன வருடக் கும்பத்தின்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள், முப்பது வயதிருக்கும். அவளுடைய கணவர் போன படகு திரும்பி வராமல் அன்றைக்குப் பதினொரு நாள். இரண்டு பேர் போனார்கள், புல்மோட்டைப் பக்கம் வரை வயர்லெஸ் போட் செட்டில் குரல் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை. கடற்படையும் தேடியது, மற்றப் படகுகளும் தேடின. அவள் படலையில் நிற்கவில்லை. நேரே முற்றத்துக்குள் வந்து, நான் நடந்துகொண்டிருந்தபோது குனிந்து என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தாயே, அவர் இருக்கிறாரோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

நோவின் உச்சம் அது. அந்த நேரத்தில் என்னை ஓரிடத்தில் நிற்கச் சொல்வது கொதிதண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டிரு என்று சொல்வதற்குச் சமம். உதறிப் பார்த்தேன். அவள் விடவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

"இருக்கிறார்! இருக்கிறார், வருவார்! காலை விடு!"

அவள் விட்டாள். நான் நடந்தேன். அவள் மண்ணில் நெற்றி வைத்துக் கும்பிட்டுவிட்டு, முகம் மலர்ந்து போனதை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மூன்று மணிக்கு நோவு விட்டபோது நான் சொன்னது எனக்கு நினைவு வந்தது. தேடிப்போய்த் திருத்தியிருக்கலாம். நாளைக்குப் படகு வந்துவிட்டால் என்று எனக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன்.

படகு வரவில்லை. பத்து நாள் கழித்து, கண் சிவக்கிறது என்பதற்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். என் இலக்கம் கடைசியில் இருந்தது. காலை பத்து மணிக்குப் போனவள் மத்தியானம் இரண்டு மணிக்கும் வாங்கில் குந்தியிருந்தேன். வந்தது. எழுந்து நடக்கத் தொடங்கினேன். "அம்மா, இருங்கோ, விழுந்திடுவீங்கள்" என்று தாதி சொல்லச் சொல்ல நடந்தேன். உள்ளேயிருந்து ஒரு டொக்டர் வெளியே வந்தார். என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அவர் முதலில் என் கண்ணைப் பார்த்தார், பிறகு தன் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என் பக்கத்திலேயே நடந்தார்.

"எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

"ரெண்டு மணிக்கு."

"நேற்று?"

"ரெண்டு மணிக்குத்தான்."

"படுத்தால் சுகமோ, இப்பிடி நடந்தால் சுகமோ?"

பத்து வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் இடது கண்ணாலும் நீர் வந்தது.

என்னைக் கதிரையில் நிமிர்ந்து இருக்கவைத்து, பை தொங்கும் ஒரு மாஸ்க்கை முகத்தில் இறுக்கிப் பிடித்து, ஒட்சிசனை வேகமாகத் திறந்துவிட்டார். மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு நிமிடம் போனது எனக்குத் தெரியும், ஏனென்றால் கம்பி திரும்ப விரலானது, விரல் எடுபட்டது. இரண்டரைக்கு நான் சும்மா இருந்தேன். இரண்டரைக்குச் சும்மா இருப்பது எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது.

மண்டையைப் படம் எடுத்துப் பார்த்து வேறு கேடு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, அவர் என்னையும் கணவரையும் இருத்திக் கதைத்தார். கிளஸ்டர் தலையிடி என்று பெயர். கொத்துக் கொத்தாக, ஒரு பருவத்தில் சேர்ந்து வரும். மூளைக்குள் நேரம் பார்க்கும் ஒரு சின்ன இடம் உண்டு, அதற்கும் முகத்து நரம்புக்கும் இடையில் ஏதோ குழப்பம் நடக்கிறது. ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாது. "இது உங்கட யோசினையால வாறதில்லை, குணத்தால வாறதுமில்லை. அடியோட மாத்த ஏலாது. ஆனால் அடக்கி வைச்சிருக்கலாம்" என்றார். பனடோல் வேலை செய்யத் தொடங்க முன்னமே நோவு உச்சத்துக்குப் போய்விடும், அதை விழுங்கி வயிற்றைக் கெடுக்க வேண்டாம் என்றார். பருவம் தொடங்கிய முதல் நாளே வந்து தடுப்புக் குளிசையை ஆரம்பிக்க வேண்டும். அந்தக் குளிசை இதயத்தின் அடியைக் குறைக்கக் கூடியதால் இடைக்கிடை ஈசிஜி எடுக்க வேண்டும். ஒரு கொப்பியில் நேரம் எழுத வேண்டும். அந்த வாரங்களில் பகல் நித்திரை கூடாது.

"குடிக்கிற பழக்கம் இருக்கோ? பருவத்தில ஒரு சொட்டும் கூடாது."

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ சாராயப் போத்தலைக் கையாலயும் தொட்டதில்லை டொக்டர். நான்தான் நாளாந்தம் அரிஷ்டம் குடுக்கிறனான், உடம்புக்கு நல்லமெண்டு."

"எத்தினை மணிக்குக் குடுக்கிறனீங்கள்?"

"மத்தியானச் சாப்பாட்டோட. ஒரு மணிக்கு."

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அது புளிக்கவைச்சுச் செய்யிறது ஐயா. அதுக்குள்ளயும் மதுசாரம் இருக்கு. எல்லா நோவுக்கும் அதுதான் காரணமெண்டு சொல்லேல்லை. நிப்பாட்டிப் பாருங்கோ." எத்தனையோ புரட்டாதியில் அன்போடு ஊற்றித் தந்த மனிதர் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் மிச்ச அரிஷ்டத்தை முருங்கையடியில் ஊற்றினார். முருங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஒட்சிசன் அவருடைய இலாகா. "எங்கட பட்டறையிலயே சிலிண்டர் கிடக்கு" என்று தொடங்கியவரை, "அது இரும்பு வெட்ட. இவவுக்கு ஆஸ்பத்திரி ஒட்சிசன்" என்று டொக்டர் திருத்தினார். முறைப்படி எடுத்துவந்த சிலிண்டரைக் கணவர் படுக்கையறைச் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டினார். இருபது வருடம் நெருப்போடு வேலை செய்தவருக்கு அதன் குணம் தெரியும். சாமிவிளக்கை அந்த அறையிலிருந்து குசினிக்கு மாற்றினார். நுளம்புத்திரி கூடாது, ஊதுபத்தி கூடாது. படலையில் நின்று யாராவது கற்பூரத்தை எடுத்தால், "அம்மன் இஞ்ச இப்ப இல்லை, போங்கோ" என்று துரத்தினார். ஊர் மெல்ல மெல்லக் கலைந்தது. ஒருவருக்கும் நான் விளக்கம் சொல்லவேண்டி வரவில்லை. ஒருத்தியைத் தவிர.

இந்த வருடம் ஆவணிக் கடைசியில் முதல் நோவு வந்த அன்றே போய்க் குளிசையைத் தொடங்கினேன். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது, வந்ததையும் மாஸ்க் மடக்கியது. அந்தச் சந்தோசத்தில் இருந்தபோது, ஒரு பின்னேரம் கணவர் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"படகு வராத அந்தப் பிள்ளையின்ர புருசன்ர தமையன் இண்டைக்குப் பட்டறைக்கு வந்தவர். ஆண்டுத் திவசம் செய்யவேணும் எண்டு நிக்கினம். அவ விடுறா இல்லையாம். பொட்டு அழிக்கேல்லை. பின்னேரத்தில படகு வாற நேரத்துக்குப் போய்ப் பாத்துக்கொண்டு நிக்கிறாவாம், நாள் தவறாமல்."

"ஏனாம்?"

அவர் துவாயால் கையைத் துடைத்தார். "'இருக்கிறார், வருவார்' எண்டு அம்மன் சொன்னவவாம்."

என் காலை விடுவிப்பதற்காக நான் எறிந்த ஒரு சொல்லில் ஒரு பெண் ஒரு வருடம் நின்றிருக்கிறாள். உறவுகளோடு பகைத்து, கடலைப் பார்த்து நின்றிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அவளிடம் இருக்கிற ஒன்றையும் பறித்தவளாவேன். சொல்லாவிட்டால் அவள் இன்னும் எத்தனை வருடம் நிற்பாள்? நாளைக்குப் போகிறேன் என்று மூன்று நாள் தள்ளினேன். கந்தோரில் அடுத்தவர் பைலைத் தள்ளிப் போட்டால் சண்டை பிடிக்கிறவள் நான்.

நாலாம் நாள் சனிக்கிழமை. அவளே வந்தாள், ஒன்றரை மணிக்கு. தட்டில் தேசிக்காய், வெற்றிலை, கற்பூரம். வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"தாயே, நீங்கள் திரும்ப லீவு எடுக்கத் தொடங்கிட்டீங்களெண்டு கேள்விப்பட்டனான். திவசத்துக்கு நெருக்கினம். இன்னொருக்கால் ஒரு சொல்லுக் கேட்டால் அவையின்ர வாயை அடைக்கலாம்."

உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை, நின்றாள். நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் எனக்குத் துணிவு போய்விடும்.

"தங்கச்சி, அண்டைக்கு அம்மன் சொல்லேல்லை. நான் சொன்னனான். எனக்கு இது ஒரு வருத்தம். டொக்டர் கண்டுபிடிச்சு மருந்து தந்திருக்கிறா. நீங்கள் காலைப் பிடிச்சீங்கள், எனக்கு நடக்காமல் நிக்க ஏலாது. விடுவீங்களெண்டு நினைச்சு இருக்கிறார் எண்டு சொன்னனான். எனக்கு அவரைப் பற்றி ஒண்டும் தெரியாது."

அவள் கற்பூரத்தை எடுத்துத் திரும்பப் பேப்பரில் சுற்றினாள். சுற்றியதைத் தட்டில் வைத்தாள்.

"ஒரு வருசம்" என்றாள். "ஒரு வருசம் அவருக்கும் சேர்த்துச் சோறு போட்டனான். தெரிஞ்சுகொண்டு ஏன் வந்து சொல்லேல்லை?"

"பயம்" என்றேன்.

அவள் ஏசத் தொடங்கினாள். ஏசட்டும் என்று நின்றேன். ஏச்சு முடிய முன்னர் இரண்டு மணியாகிவிட்டது. மூன்று நாள் வராமல் இருந்தது, அன்றைக்கு வந்தது. நான் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனேன். கணவர் பட்டறையில். சிலிண்டர்த் திறப்பைத் திருக எனக்குக் கை ஏலவில்லை. அவள் பின்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், தொங்கிய இமையையும் பார்த்தாள். எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்டாள். காட்டினேன். திருகினாள். மாஸ்க்கை என் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நின்றாள். நான் காலைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தேன். இந்த முறை அவள் காலைப் பிடிக்கவில்லை.

நோவு இறங்கியதும் மாஸ்க்கை எடுத்தேன்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் நொந்ததோ அக்கா?"

முதல் தடவையாக என்னை அக்கா என்றாள்.

"இதைவிடக் கூட. அப்ப மருந்தில்லை."

அவள் சிலிண்டரைத் திருகி மூடினாள். "அந்த நோவிலயும் உங்களுக்கு அவர் இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லையே" என்றாள்.

அப்படி இல்லை, ஓம் என்பதுதான் சுருக்கமான வழியாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்ட பிறகும் அவள் இதை எடுத்துக்கொண்டாள் என்றால், அது அவளுடைய விருப்பம்.

அடுத்த நாளும் வந்தாள், இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால், தட்டில்லாமல். கணவர் வேலைக்குப் போன நாட்களில் எல்லாம் வந்தாள். நோவு வராத நாட்களில் இரண்டரை வரை இருந்து கதைத்துவிட்டுப் போனாள். கொப்பியில் நேரம் எழுதுவதை அவள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். கடலைப் பற்றி அவள் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் கிழமை ஒரு நாள், கொப்பியை மூடி வைத்துவிட்டு, என்னைப் பாராமலே சொன்னாள்.

"வாற வியாழக்கிழமை திதி வருதாம் அக்கா. கடற்கரையிலதான் செய்யவேணுமாம். அவையிட்டச் செய்யச் சொல்லிட்டன். நீங்கள் எனக்குப் பக்கத்தில நிக்கவேணும்."

எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

"ஐயர் மத்தியானம் எண்டுதான் சொன்னவர். நான் ஏலாதெண்டு சொல்லிட்டன். காலமையே தொடங்கச் சொல்லியிருக்கிறன். ரெண்டு மணிக்கு முதல் உங்களை வீட்டை கொண்டுவந்து விட்டிடுவன்."